உரிமை போன பின்னும் போகாத பொறாமை

பிரிந்துவிடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். காதல் முறிந்த பிறகு வரும் பொறாமையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டவரின் பக்கம் நின்றே எழுதுகிறார்கள், படிக்கிறவர்களும் அதையே எதிர்பார்க்கிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவிடப்பட்டவருக்குப் பொறாமை வந்தால் அதற்கு ஒரு நியாயம் இருப்பதாக எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். விலகி வந்தவருக்கும் அதே பொறாமை வரலாம், அதுவும் குறையாத வேகத்தோடு வரலாம் என்பது மட்டும் யாருடைய கணக்கிலும் இருப்பதில்லை.

எங்கள் பிரிவில் துரோகம் இல்லை, வசைச்சொல் இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. பல ஆண்டுகள் சேர்ந்திருந்த இருவர், ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தோம். அதை வாய்விட்டுச் சொல்லும் வேலை என் பங்குக்கு வந்தது. சொன்ன பிறகு துக்கம் இருந்தது. அந்தத் துக்கத்துக்குள்ளேயே, நெடுநாள் சுமந்த ஒன்றை இறக்கி வைத்த நிம்மதியும் இருந்தது. எடுத்த முடிவு சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பிறகு வந்த உணர்ச்சி என்னை அவ்வளவு குழப்பியதற்குக் காரணமே அதுதான். முடிவு தவறாகத் தோன்றியிருந்தால், பொறாமையை வருத்தத்தின் இன்னொரு முகம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

அவனுக்குப் புதிதாக ஒரு பெண்ணோடு நெருக்கம் ஏற்பட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லது என்றுதான் சொன்னேன், மனதாரவே சொன்னேன். பொறாமை செய்தியாக வரவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு புகைப்படத்தில் வந்தது. பொதுவான நண்பர்கள் கூடிய இடத்தில் யாரோ எடுத்து, யாரோ பகிர்ந்து, சுற்றி வளைத்து என் கைக்கு வந்து சேர்ந்த படம். படத்தின் நடுவில் இருந்தவர்கள் வேறு யாரோ. அவன் ஓரத்தில் இருந்தான். பக்கத்தில் அந்தப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொல்லும் வேகத்தில் அவள் கை மட்டும் மங்கலாகப் பதிவாகியிருக்கிறது. அவன் முகவாயை உள்ளங்கையில் தாங்கியபடி, உடம்பை முழுவதுமாக அவள் பக்கம் திருப்பி உட்கார்ந்திருக்கிறான். இருவரும் ஒட்டிக்கொண்டுகூட இல்லை. இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோகும் அளவுக்கு இடம் இருந்தது. என் பார்வை போய் நின்றது மேசையின் மேல். அவனுடைய கைபேசி அங்கே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அந்தப் படத்தைப் பார்த்த வேறு யாருக்கும் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கு அடிவயிறு கலங்கியது. எங்கள் ஆண்டுகள் முழுவதும் அந்தக் கைபேசி முகம் மேலே தெரியத்தான் இருந்தது. ஒளி ஒவ்வொரு முறை மினுங்கும்போதும் அவன் கண் ஒரு நொடி அதன் பக்கம் போய்த் திரும்பும். அந்த ஒரு நொடியில் நான் சொல்லவந்த வாக்கியம் பாதியில் நின்றுவிடும். "சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பான். கேட்டுக்கொண்டும் இருந்திருப்பான் போலிருக்கிறது, ஆனால் எனக்கு அது போதவில்லை. அதைக் கவிழ்த்து வை என்று கெஞ்சியிருக்கிறேன், கேலி செய்திருக்கிறேன், அதன் பெயரில் பெரிய சண்டைகளே போட்டிருக்கிறேன். கடைசிக் காலத்தில் சொல்வதையே விட்டுவிட்டேன். சொல்வதை விட்ட பிறகுதான் பிரிவை நோக்கிப் போகத் தொடங்கினோம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆக, அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்த பொறாமையின் கூர்மையான பகுதி இதுதான்: அந்தப் பெண்ணின் அழகோ, சிரிப்போ, அவன் அவளைத் தொடுவான் என்ற நினைப்போகூட இரண்டாவதுதான். நான் மன்றாடி, அழுது, தொண்டை வற்றப் பேசி உண்டாக்க முயன்ற ஒரு மனிதன், நான் வெளியேறிய பிறகு உண்டாகி, யாரோ ஒருத்திக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் கிடைத்திருக்கிறான். பாடுபட்டு உழுதவன் நிலத்தை விட்டுப் போன பருவத்தில் மழை பெய்து விளைந்தால், அவன் சந்தோஷப்பட வேண்டுமா வயிறெரிய வேண்டுமா? இரண்டையும்தான் செய்வான், ஒரே மூச்சில் செய்வான். விளைச்சலில் எனக்குப் பங்கு உண்டு என்று எந்த நியாய சபையிலும் என்னால் வழக்காட முடியாது. அந்தப் பெண்ணுக்கு இது தெரியவே தெரியாது. அவனுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்; தானாகவே இப்படி ஆகிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். எங்கள் சண்டைகளுக்கு அவன் நடத்தையில் ஒரு தடம் இருக்கிறது, அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

என் தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. "நீதானடி வேண்டாம்னு சொன்னே?" அதில் குத்தல் இல்லை, உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. வேண்டாம் என்று சொன்ன பொருளை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்பது பொருள்களைப் பொறுத்தவரை சரியான கேள்விதான். நான் பதில் சொல்லத் திணறினேன். அவன் திரும்பி வர வேண்டும் என்று நான் விரும்புகிறேனா என்றால் இல்லை. நாளைக்கே அவன் வந்து நின்று மீண்டும் தொடங்கலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேனா என்றால் மாட்டேன். அப்படியிருக்க எதைக் கேட்டு இந்த நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று எனக்கே விளங்கவில்லை.

உறவு இருக்கும்போது வரும் பொறாமைக்குப் போக்கிடம் உண்டு. தமிழில் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அதற்கு ஊடல் என்று பெயரிட்டு, காதலின் பகுதியாகவே வைத்திருக்கிறோம். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் அதைப் பற்றியவை. 1330ஆவது குறளோடு நூல் முடியும் இடமும் அதுதான். அவற்றில் தும்மலைப் பற்றி அடுத்தடுத்து வரும் இரண்டு குறள்கள் எனக்குப் பிடித்தவை. கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள், வாழ்த்திய வாயோடேயே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று கேட்டு அழுகிறாள். அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொள்கிறான். உம்மவர் உம்மை நினைப்பதை எங்களிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். இதைப் படித்து நாம் சிரிக்க முடிவதற்குக் காரணம், குற்றம் சாட்டப்பட்டவன் எதிரிலேயே இருக்கிறான் என்பதுதான். அவன் மறுக்கலாம், கெஞ்சலாம், அணைக்கலாம். கேள்வி கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது, பதில் சொல்ல அவனுக்குக் கடமை இருக்கிறது.

பிரிவுக்குப் பின் அந்த உரிமை பறிபோகிறது, ஆனால் கேள்வி நிற்பதில்லை. யார் நினைத்து இப்போது தும்முகிறான் என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது, கேட்டால் நாகரிகமற்றவளாகிவிடுவேன். துக்கம் என்றால் நாலு பேர் தோள் கொடுப்பார்கள், கோபம் என்றால் நாலு பேர் சேர்ந்து திட்டுவார்கள். உரிமையில்லாத பொறாமையை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது? ஆகவே அது உள்ளேயே சுற்றுகிறது, இரவில் உரக்கக் கேட்கிறது.

அன்பும் பொறாமையும் எதிரெதிரானவை, ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்காது என்றுதான் நல்லவர்கள் சொல்லக் கேட்டு வளர்கிறோம். உண்மையான அன்பு விட்டுக்கொடுக்கும், பொறாமைப்படுகிறவர் நேசிக்கவே இல்லை என்று பலர் தீர்ப்புச் சொல்வார்கள். 1677இல், தன் மரணத்துக்குப் பிறகு வெளியான தன் பெரும் நூலில், டச்சுத் தத்துவ அறிஞர் ஸ்பினோசா இதைவிட நேர்மையாகப் பார்த்தார். நாம் நேசிக்கும் ஒருவர், முன்பு நம்மோடு மட்டும் இருந்த அதே பிணைப்பால், அல்லது அதைவிட நெருங்கிய பிணைப்பால், இன்னொருவரோடு சேர்ந்திருப்பதாக நாம் எண்ணிக்கொண்டால், நேசித்தவர் மேலேயே நமக்கு வெறுப்பு உண்டாகும், அந்த இன்னொருவர் மேல் அழுக்காறு உண்டாகும் என்கிறார். அன்பும் வெறுப்பும் ஒரே சமயத்தில் எழுந்து மனம் இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவது, கூடவே நாம் பொறாமைப்படும் மூன்றாம் ஆளின் நினைவு: இதுதான் அவருடைய வரையறை. இதில் அன்பு ஓர் உறுப்பாகவே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது வேறு எதுவோ. அந்த வரையறையைப் படித்தபோது என் தோழியின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்ததுபோல் இருந்தது.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த பிராய்டு 1922இல் எழுதிய ஒரு கட்டுரையில் சாதாரணப் பொறாமையை, அதாவது நோயாக முற்றாத பொறாமையை, பிரித்துக் காட்டுகிறார். நேசித்தவரை இழந்த துக்கம், தன்மானத்தில் பட்ட காயம், போட்டியாளர் மேல் பகை, இழப்புக்கு நானே காரணம் என்ற சுயகண்டனம் ஆகியவை கலந்த ஒன்று அது என்கிறார். பொறாமை இல்லவே இல்லாதவர்போல் ஒருவர் தென்பட்டால், அது கடுமையாக அழுத்தப்பட்டு, மனத்தின் அடியில் இன்னும் பெரிய வேலை செய்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம் என்றும் சொல்கிறார். பிராய்டின் எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை, இதை ஏற்கிறேன். செய்தியைக் கேட்டபோது 'நல்லது' என்று நான் மனதாரச் சொன்னதை இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

இந்த நான்கில் எனக்கு மிகவும் பழக்கமானது தன்மானக் காயம். விலகி வந்தவர்களுக்கு இது வேறு மாதிரி வருகிறது. கைவிடப்பட்டவர், நான் போதாமல் போனேனோ என்று தவிக்கிறார். விலகியவர் மனத்தில், ஒப்புக்கொள்ள வெட்கமான ஒரு படம் இருக்கும்: நாம் வெளியேறிய வீட்டில் விளக்கு அப்படியே அணைந்து கிடக்கும், அங்கே யாரும் குடிவர மாட்டார்கள் என்ற படம். அதை நினைத்து இரக்கம்கூடப் பட்டிருப்போம். அந்த இரக்கத்தில் எவ்வளவு கர்வம் இருந்தது என்பது, அங்கே ஒரு நாள் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்கும்போதுதான் தெரிகிறது. நான் இல்லாமல் அவன் சோர்ந்து போவான் என்று கவலைப்பட்டிருந்தேன். அவன் சோர்ந்து போகவில்லை. கவலை வேண்டாத இடத்தில் நிம்மதிதானே வர வேண்டும், ஏன் வலிக்கிறது?

அந்தப் பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அவளை எனக்குத் தெரியாது. சில படங்கள், ஓரிருவர் சொன்ன ஓரிரு வார்த்தைகள் ஆகியவற்றிலிருந்து நான் ஒருத்தியை உருவாக்கி வைத்திருக்கிறேன். அவளுக்குக் கோபம் வராது, தூக்கத்தில் எழுப்பினாலும் இனிமையாகப் பேசுவாள், அவன் மறந்துபோகும் நாள்களை அவள் மன்னித்துவிடுவாள். எனக்கு இல்லாத குணங்கள் எல்லாம் சேர்ந்து உண்டான பொம்மை அது. பிராய்டு சொன்ன பகையும் சுயகண்டனமும் இந்த இடத்தில் கைகோக்கின்றன: அவளை வெறுக்க உட்கார்ந்தால் என்னைத்தான் ஏசி முடிக்கிறேன். உண்மையில் அவளுக்கும் ஒரு குறை இருக்கும், அவளும் அவனோடு கத்தியிருப்பாள். அது எனக்குத் தெரியவராது, ஏனென்றால் கத்தும்போது யாரும் படம் எடுப்பதில்லை.

பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் இல்லை. முன்னாள் துணையின் பேஸ்புக் பக்கத்தைக் கண்காணிப்பது பற்றி 464 பேரிடம் நடத்திய ஆய்வொன்றை தாரா மார்ஷல் 2012இல் வெளியிட்டார். அப்படிக் கண்காணிப்பவர்களிடம் பிரிவின் துயரமும், முன்னாள் துணையைப் பற்றிய கசப்பும், அவர் மேலான ஏக்கமும் விருப்பமும் அதிகமாக இருந்தன; பிரிவுக்குப் பிறகான தனிப்பட்ட வளர்ச்சி குறைவாக இருந்தது. பார்ப்பதால் துயரமா, துயரத்தால் பார்க்கிறார்களா என்பதை இப்படிப்பட்ட ஆய்வு தனியே பிரித்துச் சொல்லாது. என்னைக் கேட்டால் இரண்டும்தான் என்பேன். எனக்கு வியப்பாக இருந்தது கசப்பும் ஏக்கமும் ஒரே ஆள்களிடம் சேர்ந்து காணப்பட்டதுதான். திரையைத் தள்ளும் விரலுக்குத் தான் எதைத் தேடுகிறோம் என்பதே தெரியாது. அவன் நன்றாக இல்லை என்பதற்கு ஒரு தடயம் கிடைக்காதா என்று தேடிப் போய், அவன் நன்றாகச் சிரிக்கும் ஒரு படம் கிடைத்தால், ஒரு கணம் அந்தச் சிரிப்பிலேயே மனம் நின்றுவிடுகிறது. நான் நேசித்த சிரிப்பு அது. அடுத்த கணம் அது யாருக்கான சிரிப்பு என்பது நினைவுக்கு வருகிறது.

டேவிட் ஸ்பாராவும் ராபர்ட் எமெரியும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. உறவு முறிந்த இளைஞர்கள் 28 நாட்கள், நாள்தோறும் தங்கள் உணர்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். முன்னாள் துணையோடு தொடர்பு வைத்திருந்தவர்களிடம் அன்பும் சோகமும் தணிவது மெதுவாகியது. எமெரி இதற்கு முன்பே, மணமுறிவைச் சந்தித்தவர்களை வைத்து, அன்பு, கோபம், சோகம் மூன்றும் மாறி மாறி ஊசலாடும் என்றும், காலம் போகப் போக அந்த ஊசலின் வீச்சு குறையும் என்றும் சொல்லியிருந்தார். துக்கம் படிப்படியாக ஏறி இறங்கி, கடைசிப் படியில் அமைதி வந்து காத்திருக்கும் என்ற எளிய கணக்கைவிட இது என் அனுபவத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. காலையில் அவன் மேல் அன்பு, மதியம் கோபம், மாலையில் இரண்டும் இல்லாத ஒரு வெறுமை, இரவில் மறுபடி முதலிலிருந்து. ஒன்று எழும்போது மற்றது போய்விட்டதாகவே தோன்றும். கோபமாக இருக்கும் நேரத்தில், 'அப்பாடா, அன்பு தீர்ந்தது' என்று நான் எத்தனையோ முறை கொண்டாடியிருக்கிறேன்.

பொறாமை இந்த ஊசலில் செய்யும் ஒரு தந்திரத்தைச் சொல்ல வேண்டும். அடங்கிக்கொண்டிருக்கும் அன்பை அது கிளறிவிடுகிறது. கவிழ்ந்த கைபேசியைப் பார்ப்பதற்கு முன், அவனை நினைக்காத பகல்கள் எனக்கு வரத் தொடங்கியிருந்தன. பார்த்த பிறகு எல்லாம் திரும்பி வந்தது, அவன் கழுத்தின் வாசனை உட்பட. இவ்வளவு வலிக்கிறதே, அப்படியானால் நான் இன்னும் காதலிக்கிறேன் என்றுதானே அர்த்தம் என்று மனம் வாதாடியது. கேட்பதற்கு உறுதியான வாதம்தான். ஆனால் வலியின் அளவைக் காதலின் அளவாக எடுத்துக்கொண்டால், மிக மோசமாக நடத்தப்பட்டவர்களே மிக அதிகமாகக் காதலிப்பவர்கள் என்று முடியும். ஹெலன் ஃபிஷரும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், காதலில் நிராகரிக்கப்பட்டு இன்னும் நேசித்துக்கொண்டிருந்த 15 பேருக்கு அந்த நேசத்துக்குரியவரின் படத்தைக் காட்டினார்கள். ஊக்கத்தோடும் வெகுமதி எதிர்பார்ப்போடும் தொடர்புடைய மூளைப் பகுதிகள் அப்போது செயல்பட்டன. கொக்கெயின் ஏக்கத்தோடு தொடர்புடைய பகுதிகளும் அவற்றில் இருந்தன. இழந்ததை நோக்கி உடம்பு இழுபடுவதற்கு, இழந்ததோடு மறுபடி வாழ முடியுமா என்ற கேள்வியே தேவைப்படுவதில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் நிராகரிக்கப்பட்டவர்கள், என்னைப்போல் நிராகரித்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் படத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று விரல் நமநமத்ததை நான் அறிவேன்.

அப்படியென்றால் அன்பே மிச்சமில்லை, இருப்பதெல்லாம் காயப்பட்ட கர்வம்தான் என்று முடித்துவிடலாமா? அதையும் முயன்று பார்த்தேன். அதில் ஒரு கடுமையான திருப்தி இருந்தது. ஆனால் ஒரு செய்தி அந்த முடிவையும் கெடுத்தது.

அவர்கள் இருவரும் சண்டையிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள் என்று தோழி போகிறபோக்கில் சொன்னாள். கேட்ட நொடியில் உள்ளுக்குள் ஒரு துள்ளல். அதை நாகரிகப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை, துள்ளல்தான். அது ஒரு வாய் தண்ணீர் விழுங்கும் நேரம்கூட நிற்கவில்லை. சண்டை போட்ட இரவுகளில் அவனுக்குத் தூக்கம் வராது, விடியும்வரை அறைக்குள் நடப்பான், மறுநாள் ஒற்றைத் தலைவலி வந்து நெற்றியின் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான் என்பது ஞாபகம் வந்தது. அப்போது விளக்கை அணைக்க வேண்டும், பேசக் கூடாது, நெற்றியில் ஈரத்துணியைப் போடுவதைவிடக் கழுத்தின் பின்புறத்தில் போட்டால்தான் அவனுக்குச் சற்று இறங்கும். அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா? பேசாமல் இருக்கிறார்கள் என்றால், தெரிந்தாலும் யார் செய்வார்கள்? யாராவது அவளிடம் சொன்னால் தேவலையே என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு விசித்திரமான ஆசை: என் இடத்தில் இருக்கிறாள் என்று யாரைப் பார்த்து எரிந்தேனோ, அவள் அந்த இடத்துக்கு உரிய வேலையை நன்றாகச் செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

துள்ளலும் கவலையும் ஒரே நிமிடத்தில் வந்தன, இரண்டும் பொய்யில்லை. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தவைதான் அந்த ஊற்று. மேசையில் கவிழ்ந்து கிடக்கும் கைபேசிக்குப் பொருள் சொல்லத் தெரிந்ததால்தான் பொறாமைப்பட்டேன். ஈரத்துணியை எங்கே போட வேண்டும் என்று தெரிந்ததால்தான் கவலைப்பட்டேன். ஒரு மனிதரோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து சேர்த்த அறிவு அது. பிரியும்போது புத்தகங்களைப் பிரித்துக்கொள்கிறோம், சாவியைத் திருப்பித் தருகிறோம், பணக்கணக்கை நேராக்குகிறோம். இந்த அறிவைத் திருப்பித் தர வழியில்லை. பயன்படுத்தவும் வழியில்லை. வேலை இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த அறிவு, கண்ணில் படும் எதையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால், அந்த அறிவையே கெடுத்துவிடுவது ஒரு வழி. அவனுடைய குறைகளைப் பட்டியல் போடு, தினமும் படி, தானாக வெறுத்துவிடும் என்று பலரும் சொன்னார்கள். இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. லாங்ஸ்லாக், சான்செஸ் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் துணையின் எதிர்மறைப் பண்புகளை நினைத்துப் பார்ப்பது காதல் உணர்வைக் குறைத்தது என்று கண்டார்கள். ஆனால் அப்போதைக்கு மனநிலையை மேலும் கசப்பாக்கியது. வேறு எதையாவது நினைத்துக் கவனத்தைத் திருப்பியபோது மனநிலை இலேசானது, காதலோ குறையவில்லை. நானும் பட்டியல் போட்டேன். குறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எழுதிக்கொண்டே போகும்போது, பட்டியலில் இருந்த முதல் குறையே, அதாவது கேட்கும்போது கவனம் சிதறுவது, இப்போது உண்மையில்லை என்பது நினைவுக்கு வந்தது. இன்றைய அவனுக்குப் பொருந்தாத குற்றச்சாட்டை வைத்து அவனை வெறுக்க முயல்வது எனக்கு அநியாயமாகப் பட்டது, விட்டுவிட்டேன். இப்படிச் செய்து நிம்மதி அடைந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அடித்தவனையும் ஏமாற்றியவனையும் விட்டு வந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் உயிர் காக்கும் பட்டியல். என் கதை அது இல்லை.

பெருந்தன்மை பேசுவோரையும் எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பதில்லை. 'அவன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்' என்று ஒருவர் சட்டென்று சொன்னால், அதற்குள் எத்தனை இரவுகள் புதைந்திருக்கின்றன என்று கேட்கத் தோன்றும். அதே வாக்கியத்தை நானும் சொல்கிறேன், மாதத்தில் பாதி நாட்கள் அது உண்மையாகவும் இருக்கிறது. மீதி நாட்களில், நன்றாக இருக்கட்டும், ஆனால் என்னோடு இருந்ததைவிட ஒரு பிடி குறைவாக நன்றாக இருக்கட்டும் என்பதுதான் முழு வாக்கியம்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பொறாமை வரும்போது, 'ஆகவே நான் திரும்பிப் போக வேண்டும்' என்றோ, 'ஆகவே நான் அவனை நேசிக்கவே இல்லை' என்றோ முடிவு கட்டும் பழக்கம் குறைந்திருக்கிறது. வந்ததை வந்ததாக வைத்துக்கொள்கிறேன். அவனுடைய பக்கங்களைத் தேடிப் பார்ப்பதையும் நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தியதில் ஒழுக்கத்தைவிட அலுப்புக்கே அதிகப் பங்கு. தோழியின் வழியாக வரும் செய்தியை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை, முழுவதுமாக நிறுத்த மனமும் இல்லை.

அண்மையில் அவளிடம் ஓர் ஏற்பாடு பேசினேன். "அவனுக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா எனக்குச் சொல்லு. சந்தோஷமா இருக்கான்னா சொல்லாதே" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "உடம்பு சரியில்லாம படுத்திருக்கான், அவ நல்லா பாத்துக்கிறான்னு சேதி வந்தா, அதைச் சொல்லணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

சொல்லு என்றேன். பிறகு, அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்ல வேண்டாம் என்றேன். கைபேசியை வைக்கும் முன் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன்: துணியைக் கழுத்தின் பின்னால்தான் போடுகிறாளா என்பதை மட்டும் எப்படியாவது கேட்டுச் சொல்.